மணியைக் குறித்துவை, தங்கச்சி!

கோர்ட் காம்பவுண்டை ஒட்டிய டைப்பிங் கடையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாச்சு எனக்கு. வக்கீல் இல்லை நான். வக்கீல் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பவள். ஆனாலும் ஒரே ரக மனுவை ஆயிரம் தடவை அடித்தால், எந்த இடத்தில் வீட்டு ஆட்கள் திணறுவார்கள் என்று விரலுக்கே தெரிந்துவிடும். ஜாமீன் மனுவில் அந்த இடம், "கைதான தேதி, நேரம்?" கேட்டதும் எதிரே நிற்கும் அம்மா விழிப்பார். "விளக்கு வெச்ச நேரம் இருக்கும்மா." மனைவி சொல்வாள், "சீரியல் ஓடிட்டிருந்துச்சுக்கா." எந்த சீரியல் என்று கேட்டு மணியைக் கண்டுபிடித்த நாளும் உண்டு.

அதே ஆட்களிடம், அன்றைக்கு ராத்திரி யார் யாருக்கு போன் போட்டீர்கள் என்று கேட்டுப் பார். கவுன்சிலர், கவுன்சிலரின் மச்சான், ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகும் பையன், ரிட்டையர் ஆன ஏட்டு என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். போலீஸ் வாசலுக்கு வந்தால் நம் ஊரில் முதலில் ஆள் தேடுகிறோம். மணி பார்ப்பதில்லை. சட்டம் ஓடுவதோ மணியை வைத்துத்தான். இந்த ஒன்றைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

ஏழெட்டு வருஷம் முன்னால், இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா வந்தார். சுருக்குப் பையிலிருந்து தினசரி காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் கண்மைப் பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: ராத்திரி 9.40. ஜீப். யூனிபாரத்தில் ரெண்டு பேர், மஃப்டியில் ஒருத்தர், நீலச் சட்டை. ஜீப் நம்பரில் கடைசி நாலு இலக்கம். அவசரத்துக்குப் பேனா கிடைக்கவில்லை, மகளின் கண்மை கிடைத்திருக்கிறது. ரிமாண்ட் ரிப்போர்ட்டில் மகனைக் கைது செய்ததாக இருந்ததோ மறுநாள் காலை 11 மணி, பஸ் ஸ்டாண்ட் அருகே. நடுவில் பதிமூன்று மணி நேரம் காணோம்! அந்தத் தாளை வக்கீல் மனுவோடு குண்டூசி குத்திக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் விளக்கம் கேட்டு எழுதினார். கேஸ் என்ன ஆனது என்பது வேறு கதை. அந்தப் பதிமூன்று மணி நேரம் இல்லவே இல்லை என்று மட்டும் அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

ஏன் அந்த நேரம் அவ்வளவு முக்கியம்? கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயணத்துக்கு ஆகும் நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே இதைச் சொல்கிறது. ஞாயிறு, தீபாவளி என்று விலக்கெல்லாம் கிடையாது. லீவு நாளென்றால் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். 24 என்பது எப்போது தொடங்கியது என்று சொல்ல உன்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லையென்றால், ஸ்டேஷன் எழுதுவதுதான் நேரம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய சி.ஆர்.பி.சி. போய், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பெயர் வாயில் நுழையவில்லையா? கோர்ட்டில் பாதிப் பேருக்கும் அதே கதிதான், பி.என்.எஸ்.எஸ். என்று சொல்லி ஒப்பேற்றுகிறோம். எண்கள் மாறிவிட்டன. பழைய 41ஏ இப்போது 35(3). முன்ஜாமீன் 438 இப்போது 482. ஸ்டேஷனில் இன்னும் பழைய எண்ணிலேயே பேசுவார்கள், குழம்பாதே.

"தப்பு செஞ்சவனுக்கு எதுக்கு இத்தனை சலுகை?" என்று என் மாமியார் இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தார். சலுகை இல்லை அது. செய்தானா இல்லையா என்று சொல்லக் கோர்ட் இருக்கிறது, அதுவரை அவன்மேல் இருப்பது சந்தேகம் மட்டும். கோர்ட் தமிழிலும் ஒரு கோளாறு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் அடிப்போம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி. யாருக்கு எதிரி? இருபத்திரண்டு வருஷமாக உறுத்துகிறது.

"சும்மா ஒரு விசாரணைதான்"

முக்கால்வாசிப் பேர் மாட்டுவது இந்த வார்த்தையில். போனில் கூப்பிடுவார்கள்: "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க, சும்மா ஒரு விசாரணை." 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றமென்றால், கைது கட்டாயமில்லை என்று போலீஸ் நினைக்கும்போது, இன்ன நாள் இன்ன நேரம் வா என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுதான் 35(3). வரதட்சணைப் புகார்களில் மாமனார், மாமியார், நாத்தனார் என்று மொத்தக் குடும்பத்தையும் யோசிக்காமல் கைது செய்கிறார்கள் என்று பார்த்துத்தான், 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைக் கறாராக்கியது. நோட்டீஸ் வந்து, நீயும் ஒழுங்காக ஆஜராகிக்கொண்டிருந்தால், காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். அதனால் நோட்டீஸ் வந்தால் ஒளியாதே. போய்வா. போனது எத்தனை மணி, வந்தது எத்தனை மணி, இரண்டையும் குறித்துக்கொள். நோட்டீஸின் ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வருவது முறையான நோட்டீஸ் ஆகாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. வக்கீலிடம் காட்டு.

சாட்சியாகக் கூப்பிட்டால் விதி வேறு. பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். "வீட்டுக்கு வாங்க சார், டீ போட்டுத் தர்றேன், உட்கார்ந்து கேளுங்க" என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்ன ஒரு டீச்சரை எனக்குத் தெரியும். வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். டீ மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

நோட்டீஸும் இல்லை, எஃப்.ஐ.ஆரும் இல்லை, கூட்டிக்கொண்டு மட்டும் போகிறார்கள் என்றால் அங்கேதான் பயப்பட வேண்டும். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். நகை காணோம் என்ற புகார். கோயில் காவலாளியாக இருந்த இளைஞரை விசாரணை என்று கூட்டிப்போனார்கள். உடம்பில் 40-க்கும் மேற்பட்ட காயங்களோடு அவர் உயிர் போனது. எஃப்.ஐ.ஆர். போடாமல் எப்படி விசாரித்தீர்கள் என்று மதுரை ஐகோர்ட் கிளை கேட்டது. தாளில் ஏறாத விசாரணைக்கு நேரமும் கிடையாது, இடமும் கிடையாது.

ஜீப் வாசலில் நிற்கும்போது

கத்தாதே, மறிக்காதே. தடுத்தால் பணிசெய்ய விடாமல் தடுத்ததாக உன்மேலும் ஒரு கேஸ் வரும். முதல் வேலை, மணியைக் குறி. யூனிபாரத்தில் பெயர்ப் பட்டை இருக்கும், பெயரை எழுது. தெளிவாகத் தெரியும்படி பெயர் அடையாளம் அணிந்துதான் கைது செய்ய வர வேண்டும். "எந்த ஸ்டேஷன் சார்? என்ன கேஸ் சார்?" இரண்டே கேள்வி. மரியாதையாகக் கேள்.

பிறகு அரெஸ்ட் மெமோ. கைதான நேரமும் தேதியும் எழுதி, வீட்டு ஆளோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கைதாகிறவரும் போட வேண்டிய தாள் அது. கையெழுத்துப் போடச் சொன்னால் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடு. 9.40-க்குப் பிடித்ததை 11 என்று எழுதியிருந்தால், உன் கையெழுத்துக்குக் கீழேயே "பிடித்தது இரவு 9.40" என்று எழுதிப் போடு. ஒரு வரிதான்.

இந்த மெமோ எங்கிருந்து வந்தது தெரியுமா? மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றில் இருந்த டி.கே. பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றிய பேப்பர் செய்திகளை இணைத்து 1986-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, கைதுக்குப் 11 விதிமுறைகளோடு. வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்தவை. பத்து வருஷம் ஆனாலும் ஒரு கடிதம் வேலை செய்திருக்கிறது, பார்த்துக்கொள்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உடனே தர முடியாத சூழ்நிலை என்றால் அப்போதைக்கு வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னால் தாளைக் கொடுத்துவிட வேண்டும். நம் ஆட்களுக்குத் தமிழில் கேள். "இங்கிலீஷ்ல இருக்கு, கையெழுத்துப் போடு" என்று நீட்டினால் படித்துக் காட்டச் சொல்.

பெண்ணென்றால் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால், பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் காரணம் கொடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அவளைத் தொட்டுக் கைது செய்வதும் சோதனை போடுவதும் பெண் போலீஸ் மட்டுமே. 60 வயது தாண்டியவரையோ உடம்பு முடியாதவரையோ, 3 வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்துக்குப் பிடிக்க வேண்டுமென்றால் டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கவே கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் கொண்டுபோக வேண்டும். பிள்ளையின் பர்த் சர்டிபிகேட்டைத் தேடி எடு. வயதைப் பதினெட்டு என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவதற்குள் படாதபாடு படவேண்டியிருக்கும்.

வீட்டைச் சோதனை போட்டால், சோதனையையும் பொருள் எடுப்பதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும், எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு காப்பி உனக்கு வேண்டும். செல்போனை எடுத்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. நம்பரும் பட்டியலில் ஏறட்டும். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் நம்பர் திரையில் வரும். இன்றைக்கே வீட்டில் உள்ள எல்லா போனிலும் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவை. திருடு போனாலும் உதவும்.

ஸ்டேஷன் வாசலில்

இனி நீ போன் போட வேண்டிய ஆள் கவுன்சிலர் இல்லை. வக்கீல் தெரிந்தால் வக்கீல். தெரியாவிட்டால் 15100, தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச எண். மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், தாலுகா அளவிலும் உண்டு. பெண், குழந்தை, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, காவலில் இருப்பவர், இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். "ஃப்ரீ வக்கீல் ஒழுங்கா வாதாட மாட்டார்" என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. வட்டிக்கு வாங்கிக் கொட்டிக் கொடுத்தும் வாய்தாவுக்கு வராத வக்கீலையும் பார்த்தவள் நான். முதல் நாள் ரிமாண்டுக்கு யாரோ ஒருவர் பக்கத்தில் நிற்பது முக்கியம். பிடிக்காவிட்டால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே இருக்கிறாரா என்று கேட்டால் "அப்படி யாரும் இல்லையே" என்பார்கள் சில இடங்களில். ஒவ்வொரு ஸ்டேஷனிலும், மாவட்டத்திலும், கைதானவர்களின் விவரம் வைத்திருக்க ஒரு அதிகாரியை நியமித்து, அந்த விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேள். இல்லை என்றால் அந்த இடத்திலேயே எழுது.

முன்பெல்லாம் எங்கள் சீனியர் வக்கீல்கள் சொல்வது ஒன்றே ஒன்று, "தந்தி அடி." எஸ்.பி.க்கு ஒன்று, மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. "என் மகனை நேற்று இரவு முதல் சட்டவிரோதமாக அடைத்து வைத்துள்ளனர்" என்று நாலு வரி. தந்தி ஆபீஸ் ரசீதில் நேரம் அடித்திருக்கும். போலீஸ் சொல்லும் நேரத்தைவிட அந்த நேரத்துக்குக் கோர்ட்டில் மரியாதை. 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது. அன்றைக்கு வக்கீல் குமாஸ்தாக்கள் நிஜமாகவே துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். இப்போது அந்த வேலையை ஈமெயில் செய்கிறது. எஸ்.பி. அல்லது கமிஷனர் ஆபீஸ் ஈமெயிலுக்கு அதே நாலு வரி, கூடவே ஸ்பீட் போஸ்ட். அனுப்பிய நேரம் தானாக விழும். இரண்டு நாளாகியும் ஆள் எங்கே என்று தெரியவில்லையென்றால் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு, சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. அந்த மனுவில் முதல் இணைப்பு இந்த ஈமெயில்தான்.

எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கு. 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு. பாலியல் வழக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே எடுக்கலாம். "சி.எஸ்.ஆர். போட்டிருக்கு" என்றால் அது மனு ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் எக்கச்சக்கம்.

பணம் கொடுத்து முடிக்கலாம் என்று ஒருவர் வாசலிலேயே வருவார், எப்போதும் வருவார். நிதானமாகப் பேசுவார், பையில் பேனா இருக்கும். வீட்டுக்குப் போ, தங்கச்சி, சாப்பாடு கட்டிக்கொண்டு வா. அவரிடம் மட்டும் பேசாதே.

உள்ளே இருப்பவருக்கு

இதை வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். உள்ளே போன பிறகு சொல்ல முடியாது.

பெயர், முகவரியைச் சொல்லலாம். தன்னைத்தானே மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அரசியல் சட்டம் 20(3) உரிமை தருகிறது. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி, போலீஸ் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று நின்ற வழக்கில் 1978-லேயே சுப்ரீம் கோர்ட் இதை விளக்கமாகச் சொல்லிவிட்டது. விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம். முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் பார்க்கலாம்.

வெற்றுத் தாளில் கையெழுத்து, எந்தக் காரணத்துக்கும் கிடையாது. போலீஸ் விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்து வாங்கவே கூடாது என்று சட்டம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. இதைக் கேட்டதும் நிம்மதியாகிவிடாதே. அதில் ஒரு ஓட்டை உண்டு. "கத்தியைக் கிணத்துமேட்டுல புதைச்சேன்" என்று சொல்லி, போய்த் தோண்டிக் கத்தி கிடைத்தால், அந்த அளவுக்கு அது சாட்சியம் ஆகும். நம் ஊரில் அதற்குச் சாட்சிக் கையெழுத்து பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். நான் அடித்த அப்பீல் மனுக்களில் பாதி, அந்தக் கத்தி உண்மையிலேயே அங்கே கிடைத்ததா என்ற சண்டைதான்.

மாஜிஸ்திரேட் முன் ஐந்து நிமிஷம்

எனக்குத் தெரிந்து, மொத்தக் கேஸிலும் முக்கியமான ஐந்து நிமிஷம் இது. வீணாவதும் இதுதான்.

எப்படி இருக்கும் தெரியுமா? சாயங்காலம் ஐந்து மணி தாண்டியிருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்காத பையன், அதே சட்டை, செருப்பில்லாத கால். ஒரு பக்கம் ஏட்டு, இன்னொரு பக்கம் கான்ஸ்டபிள். வரும் வழியில் சொல்லியிருப்பார்கள், "ஐயா கேட்டா அடிக்கலைன்னு சொல்லு, வெளில வந்துடலாம்." மாஜிஸ்திரேட் கேட்பார், "போலீஸ் அடிச்சாங்களா? ஏதாவது சொல்லணுமா?" பையன் ஏட்டைப் பார்ப்பான். பிறகு, "இல்லைங்கய்யா." அவ்வளவுதான். அந்த "இல்லைங்கய்யா" தாளில் ஏறிவிடும். மூன்று மாதம் கழித்து "அடித்தார்கள்" என்று நாங்கள் மனு அடிக்கும்போது, "அன்றைக்குக் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும்.

அதனால் சொல்லிவை: அந்த இடத்தில் பேச வேண்டும். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள். எங்கே வைத்திருந்தார்கள். அடித்திருந்தால் எங்கே, எதனால். வீட்டுக்குச் சொன்னார்களா. காரணம் எழுதிய தாள் கொடுத்தார்களா. என்ன மாத்திரை சாப்பிடுகிறார், சுகரா, பிரஷரா, வலிப்பா. வக்கீல் இருக்கிறாரா, இல்லையென்றால் "எனக்கு வக்கீல் வேணுங்கய்யா" என்ற ஒரே வரி. கைதானதும் அரசு டாக்டர் பார்த்து எழுதிய பரிசோதனை அறிக்கையில் ஒரு காப்பி கைதானவருக்குத் தர வேண்டும். டாக்டரிடமும் இதே கதைதான், "எங்கேயாவது வலிக்குதா?" என்று கேட்கும்போதே சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

சாத்தான்குளத்தை மறந்திருக்க மாட்டாய். 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்தார்கள் என்று ஒரு செல்போன் கடையைச் சேர்ந்த அப்பாவையும் மகனையும் பிடித்தார்கள். மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ம் தேதி காலை அப்பா. நடுவில் டாக்டர் பார்த்திருக்கிறார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்திருக்கிறார், சிறையில் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வாசல் தாண்டியும் அவர்கள் உயிர் தப்பவில்லை. பிறகு ஐகோர்ட் சொல்லி விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். அன்று டூட்டியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் பயந்து பயந்து, ஆனால் பார்த்ததைச் சொன்னார். காக்கிச் சட்டைக்குள்ளும் அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே வருஷம் டிசம்பரில், நாட்டின் எல்லா ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராந்தா என்று மூலைமுடுக்கெல்லாம் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அடித்தார்கள் என்றால் முதல் வாரத்திலேயே "இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையிலான பதிவைப் பாதுகாக்க வேண்டும்" என்று மனுப் போடச் சொல். பார்த்தாயா, இங்கேயும் நேரம் கேட்கிறார்கள்.

ஜாமீன் கணக்கு

ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் ஜாமீன் உரிமை, யாரும் இரக்கப்பட்டுத் தர வேண்டியதில்லை. ஸ்டேஷனிலேயே விடலாம். ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் கடந்தால், வசதியில்லாதவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். மற்ற குற்றங்களுக்குக் கோர்ட்டில்தான். ஜாமீன்தாரர் இரண்டு பேர் கேட்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் எப்போதும் தயாராக வை. வாடகைக்கு ஜாமீன்தாரர் கூட்டிவருகிறேன் என்று கோர்ட் வாசலில் ஒருவர் சொல்வார். அவர் காட்டும் வரி ரசீது போலியாக இருந்தால் இன்னொரு கேஸ் உன் தலையில். ஜாமீன் உத்தரவு வந்தும் கட்ட முடியாமல் ஒரு மாதம் உள்ளேயே கிடந்தால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டே யோசிக்கலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. மனுப் போட்டுக் கேள்.

இன்னொரு கணக்கு, இதைக் கோட்டைவிடாதே. ரிமாண்ட் ஆகி 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் தானாகக் கிடைக்கும் உரிமையாகிறது. மரண தண்டனை, ஆயுள், 10 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் 90 நாள். பெரிய அளவு போதைப்பொருள் போன்ற சில தனிச் சட்டங்களில் 180 வரை போகும். முதல் ரிமாண்ட் ஆன தேதியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் தீர்ப்பு வந்துவிட்டது. "தானாக" என்றாலும் மனுப் போட்டுக் கேட்டால்தான் உண்டு, அதுவும் குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்னால். 61-வது நாள் காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். மத்தியானம் போலாம் என்று கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பத்துக்கு, பன்னிரண்டு மணிக்கே சார்ஜ் ஷீட் தாக்கலாகிவிட்டது. நான் அடித்து வைத்திருந்த மனு என் மேஜையிலேயே இருந்தது. கோயிலுக்கு மறுநாள் போயிருக்கலாம்.

கேஸ் இழுத்துக்கொண்டே போகிறதென்றால், முதல்முறை மாட்டியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீன் உண்டு, மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், பல கேஸ் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. சிறை அதிகாரியே இதற்குக் கோர்ட்டுக்கு எழுத வேண்டும். ஆனாலும் தேதியை நீயும் காலண்டரில் வட்டம் போட்டுவை.

முடிக்கும் முன்னால் ஒன்று. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ காலில் யூனிபாரம் போட்டு மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. இவ்வளவு நேரம் சொன்னேனே, மெமோ, சாட்சி, டாக்டர், மாஜிஸ்திரேட், இதில் எது வீடியோ காலில் நடக்கும்? கட் பண்ணு. பணம் போயிருந்தால் உடனே 1930. இதிலும் முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது போனை எடு. 15100-ஐ 'அக்கா வக்கீல்' என்று சேவ் பண்ணு, அம்மா போனிலும் பண்ணிக் கொடு. அப்புறம் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியில் ஒரு பேனாவை நூல் கட்டித் தொங்கவிடு.